இதயக் குறையுள்ள குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது: செவிலியர் கவனிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் இதயப் பிரிவில் புதிதாக டியூட்டி போடப்பட்ட ஸ்டாஃப் நர்ஸ்கள் கேட்பவையும், கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்கள் கேட்பவையும் இங்கே கலந்தே இருக்கின்றன. ஒருவருக்கான பதில் மற்றவருக்கும் தெரிந்திருப்பது நல்லது என்பதால் பிரிக்கவில்லை. மருந்து, ஆக்சிஜன், பால் அளவு எல்லாம் அந்தந்தக் குழந்தைக்கு அதைப் பார்க்கும் மருத்துவர் எழுதுவதுதான். இங்கே உள்ளது பொதுவான விளக்கம்.

பெரியவர்களின் இதய ஐசியுவில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். குழந்தைகளிடம் என்ன புதிதாகக் கற்க வேண்டும்?

நிறைய. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு. குழந்தைகளுக்கு இதயம் உருவானபோதே அமைப்பில் ஏற்பட்ட குறை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 8, 9 பேருக்கு இது உண்டு. சுவரில் ஓட்டை, வால்வு சுருக்கம், குழாய்கள் இடம் மாறியிருப்பது, ஒரு பக்க அறையே வளராமல் போனது என்று ஒவ்வொன்றிலும் ரத்தம் ஓடும் வழி வேறு. அந்த வழியை ஒரு தாளில் வரைந்து பார்க்காமல் டியூட்டி எடுக்காதீர்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அம்புக்குறி சரியாக இருந்தால் போதும்.

அளவுகளும் வேறு. 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி, அதாவது ஒரு டம்ளர். ஒரு நாளில் ஐந்தாறு முறை பரிசோதனைக்கு 2 மில்லி எடுத்தால் அது சின்ன இழப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் லைனை (ரத்தக்குழாயில் செருகிய குழாயை) ஃப்ளஷ் செய்யும் தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். பச்சிளங்குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தை அதிகம் கூட்ட முடியாது, வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கும். அதனால் துடிப்பு குறைந்தால் ‘அமைதியாகிவிட்டது’ என்று நினைக்கக் கூடாது. உடனே பார்க்க வேண்டிய விஷயம் அது.

குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் அவ்வளவு அவசியமா? நல்ல சர்ஜன் இருந்தால் போதாதா?

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே 1991 முதல் 1995 வரை இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட 30 முதல் 35 பேர் வரை அதிகம் என்று பொது விசாரணை கண்டது. இயன் கென்னடி தலைமையிலான அந்த அறிக்கை 2001-இல் வெளிவந்தது. செய்தித்தாள்கள் சர்ஜன்களைப் பற்றியே எழுதின. அறிக்கையோ இன்னும் விரிவாகப் பார்த்தது: குழந்தைகள் பெரியவர்களோடு ஒரே ஐசியுவில் கிடந்தார்கள், திறந்த இதய அறுவை ஒரு கட்டடத்திலும் குழந்தைகள் மருத்துவமனை வேறொரு கட்டடத்திலும் இருந்தன, குழந்தைகள் நலப் பயிற்சி பெற்ற செவிலியர் போதவில்லை, தவறு தெரிந்தவர்கள் பேச வழியில்லை. கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் பெரிது. அதைக் கீழே ‘ராத்திரி ரெண்டு மணி’ கேள்வியில் பார்ப்போம்.

மானிட்டரில் சாச்சுரேஷன் 80 என்று காட்டுகிறது. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு 98. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆக்சிஜன் வைக்கவில்லை, சிஸ்டர்?

இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் இல்லை. சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவு. சில குறைகளில் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துதான் ஓடும். ஒரே பம்பிங் அறை உள்ள குழந்தைக்கு, நுரையீரலுக்குச் சின்ன குழாய் வைத்த பிறகு, 75 முதல் 85 வரை இருந்தாலே போதும் என்றுதான் பெரும்பாலும் இலக்கு வைப்பார்கள். அந்தக் குழந்தைக்கு ஆக்சிஜனைக் கூட்டி 95-க்குக் கொண்டுபோனால் ரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்குப் போய்விடும். உடம்புக்குப் போக வேண்டியது குறைந்துவிடும். எண் அழகாகத் தெரியும், குழந்தை மோசமாகும்.

செவிலியர் பக்கம் இதில் ஒரே ஒரு வேலை: ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அந்தக் குழந்தைக்கான இலக்கைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். டியூட்டி மாறி வருபவருக்கும், அம்மாவுக்கும், ராத்திரி ஓடி வரும் ட்ரெயினி டாக்டருக்கும் அது ஒரே பதிலைச் சொல்லும்.

அழுது அழுது திடீரென்று கறுநீலமாகிவிடுகிறது. அப்போது என்ன செய்வது?

‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற, நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதய நோய் உள்ள குழந்தைகளுக்கு இது வரும். நுரையீரலுக்குப் போகும் வழி இறுகிக்கொள்ள, ரத்தம் அந்தப் பக்கம் போகாமல் நேராக உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. உடனே செய்ய வேண்டியது, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது. அம்மா தோளில் போட்டுக்கொண்டே செய்யலாம், அதுதான் நல்லதும்கூட, குழந்தை சமாதானமாகும். ஆக்சிஜன் முகத்துக்கு அருகே, அழுத்திப் பிடித்து மேலும் அழவைக்காமல். அடுத்து மருத்துவர் சொல்லும் மருந்தும் சலைனும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் விளையாடும்போது தாமாகவே குந்தி உட்கார்வதும் இதற்காகத்தான். ‘சோம்பேறி, நடக்க மாட்டேங்குறான்’ என்று வீட்டில் திட்டியிருப்பார்கள், பாவம்.

வந்த பிறகு செய்வதைவிட வராமல் பார்ப்பதில்தான் நர்ஸின் திறமை. காலை ஆறு மணிக்கு, பசியோடு எழுந்த நீலக் குழந்தையிடம் ஒரே சமயத்தில் கேனுலா, ரத்த சாம்பிள், வெயிட் எல்லாம் வைத்துக்கொள்வது இப்படிக் கறுநீலமாகும் ‘ஸ்பெல்’லை நாமே வரவழைப்பது மாதிரி. வெயின் கிடைப்பது கஷ்டம் என்று தெரிந்தால் கைதேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் நிறுத்திவிட்டு வேறு ஆளை அழைப்பது என்று வார்டில் ஒரு வழக்கம் வையுங்கள், யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பட்டினியும் ஒரு காரணம். மயக்க மருந்துக்கு முன் தெளிந்த திரவம் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், மற்ற பால் 6 மணி நேரம் நிறுத்தினால் போதும் என்பது பொதுவான விதி. நடப்பில் என்ன ஆகிறது? ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் தராதீர்கள்’ என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவு, முதல் கேஸ் இழுத்துக்கொண்டே போகும், மூன்றாவது கேஸான நம் குழந்தை மதியம் வரை நா வறண்டு கிடக்கும். நீலக் குழந்தைகளின் ரத்தம் ஏற்கெனவே கெட்டியானது. தண்ணீரும் வற்றினால் உறைந்து மூளையில் அடைப்பு வரை போகலாம். தியேட்டருக்கு ஃபோன் போட்டு ‘எங்கள் கேஸ் எத்தனை மணிக்கு?’ என்று கேட்பதும், தள்ளிப்போனால் டிரிப் போடவோ, குடிக்கக் கொடுக்கவோ அனுமதி வாங்குவதும் நர்ஸின் வேலைதான்.

நரம்பில் போகும் டிரிப்பில் சின்னக் காற்றுக் குமிழி இருந்தால் என்ன, பெரியவர்களுக்கு விடுகிறோமே?

இங்கே விடக் கூடாது. இதயத்துக்குள் வலமிருந்து இடமாக ரத்தம் கடக்கும் குழந்தையில் குமிழி நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேராக மூளைக்குப் போகலாம்.

ப்ராஸ்டாகிளாண்டின் ஓடும் பச்சிளங்குழந்தையிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு குழாயைத் திறந்தே வைத்திருக்கும் மருந்து இது. சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் ஒன்றுதான் உயிர்வழி. மருந்து ரத்தத்தில் நிமிடக் கணக்கில் கரைந்துவிடும் என்பதால் பம்ப் நிற்கக் கூடாது. இன்னொரு மருந்தை அதே லைனில் தள்ளக் கூடாது. கேனுலா வீங்கினால் ‘காலையில் பார்க்கலாம்’ கிடையாது, இரண்டாவது கேனுலா ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள். மூச்சு நின்றுபோவது இதன் தெரிந்த பக்கவிளைவு, எடை குறைந்த குழந்தைகளில் அதிகம். ஆகவே மூச்சு கொடுக்கும் பையும் மாஸ்க்கும் கட்டில் தலைமாட்டில் இருக்க வேண்டும், அலமாரியில் பூட்டி அல்ல. ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பும்போதும் இதே விதிதான்.

ஆபரேஷன் முடிந்து ஐசியுவுக்கு வரும் முதல் சில மணி நேரத்தில் நர்ஸ் என்ன பார்ப்பார்?

முதலில் ஒப்படைப்பு. குழந்தை வென்டிலேட்டரோடும் ஐந்தாறு சிரிஞ்ச் பம்புகளோடும் வரும். அந்தச் சில நிமிடங்களில் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசி, ஒருவர் வயர் மாட்டி, இன்னொருவர் பம்பை நகர்த்தினால் ஏதாவது ஒன்று கண்டிப்பாக விட்டுப்போகும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் இதயப் பிரிவினர் இதற்குப் பாடம் கேட்டுப் போனது ஃபெராரி கார் பந்தய அணியிடம். டயர் மாற்ற நிற்கும் சில நொடிகளில் யார் எங்கே நிற்பார், யார் கையசைப்பார் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாக இருக்கும். அதைப் பார்த்து இவர்கள் ஒப்படைப்பை மாற்றினார்கள். முதலில் கருவிகள், அதுவரை யாரும் பேசக் கூடாது. பிறகு ஒருவர் மட்டும் சொல்ல மற்றவர்கள் கேட்க வேண்டும். கடைசியில் அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கலாம் என்று பேச்சு. 2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி ஓர் ஒப்படைப்பில் சராசரித் தொழில்நுட்பப் பிழைகள் 5.42-லிருந்து 3.15-ஆகவும், சொல்லாமல் விட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07-ஆகவும் குறைந்தன. காசு செலவு? கிட்டத்தட்ட இல்லை. நம் ஊரில் ஒரு வெள்ளைத் தாளும் ‘இப்போ யாரும் பேசாதீங்க’ என்று சொல்லும் தைரியமுள்ள ஓர் இன்சார்ஜ் சிஸ்டரும் போதும்.

பிறகு ட்ரெயின், அதாவது நெஞ்சுக்குள் சேரும் ரத்தத்தை வெளியே வடிக்கும் குழாய். கிலோவுக்கு மணிக்கு 5 மில்லி வீதம் மூன்று மணி நேரம் தொடர்ந்து ரத்தம் வந்தாலோ, ஒரே மணியில் கிலோவுக்கு 10 மில்லியைத் தாண்டினாலோ சர்ஜனுக்குச் சொல்ல வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. அதைவிடப் பயப்பட வேண்டியது, நன்றாக வந்துகொண்டிருந்த ட்ரெயின் சட்டென்று நிற்பது. புதியவர்கள் ‘ரத்தம் நின்றுவிட்டது’ என்று சந்தோஷப்படுவார்கள். குழாயில் கட்டி அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்க ஆரம்பித்திருக்கலாம். துடிப்பு ஏறுகிறதா, பிரஷர் இறங்குகிறதா, சிரை அழுத்தம் கூடுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் கால் விரல். மானிட்டர் எல்லாம் சரி என்று காட்டும்போதே பாதம் சில்லிட்டு, அந்தச் சில்லிப்பு கணுக்கால், முழங்கால் என்று மேலே ஏறும். அழுத்தி எடுத்த இடத்தில் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆகும். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 1 மில்லியைவிடக் குறையும். பிரஷர் கடைசியாகத்தான் விழும், அதுவரை காத்திருந்தால் நேரம் போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு மணியும் தொட்டுப் பார்த்து, எதுவரை சில்லென்று இருக்கிறது என்று சார்ட்டில் எழுதுங்கள். ‘கால் கணுக்கால் வரை குளிர்ச்சி, முந்தைய மணியில் பாதம் மட்டும்’ என்ற ஒரு வரி அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு எவ்வளவோ சொல்லும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எண்கள் எல்லாம் சரி, ஆனால் குழந்தை ‘சரியில்லை’ என்று மனசு சொல்கிறது. டாக்டரை எழுப்பலாமா? திட்டுவாரே?

எழுப்புங்கள்.

இதை வெறும் உள்ளுணர்வு என்று ஒதுக்கிவிட முடியாது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, இதய நோயுள்ள குழந்தைகளுக்காக ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் அட்டை உருவாக்கியது. நினைவு நிலை, ரத்த ஓட்டம், மூச்சு என்ற மூன்றோடு இன்னும் இரண்டு வரிகள் அதில் உண்டு: செவிலியருக்குக் கவலையா? குடும்பத்துக்குக் கவலையா? ஆம் என்றால் தலா ஒரு மதிப்பெண். பக்கத்தில் குடும்பத்தார் யாரும் இல்லாவிட்டாலும் அந்த மதிப்பெண் சேரும், ஏனென்றால் குழந்தையை நன்றாகத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் அங்கே இல்லை.

அதே பாஸ்டனை மையமாக வைத்து வளரும் நாடுகளின் குழந்தை இதய மையங்களுக்காக ஒரு கூட்டு முயற்சி நடக்கிறது. இந்திய மருத்துவமனைகள் பலவும் அதில் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்கள் மூன்று: அறுவை சிகிச்சையின் முன்னும் பின்னும் பாதுகாப்பு, தொற்றைக் குறைப்பது, செவிலியருக்குப் பேசும் உரிமையோடு கூடிய குழு வேலை. 2010 முதல் 2012 வரை 17 நாடுகளின் 28 மையங்களிலிருந்து 15,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளின் தரவைப் பார்த்தபோது இறப்பும் தொற்றும் குறைந்திருந்தன. புது மெஷின் ஒன்றும் அந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் வார்டை மேம்படுத்துவது என்றாலே மானிட்டர் வாங்குவது என்று ஆகிவிட்டது. வாங்கட்டும், நல்லதுதான். அந்த மானிட்டரைப் பார்த்துவிட்டுப் பேசும் பெண்ணின் பேச்சு எடுபடுகிறதா என்பதை யார் தணிக்கை செய்கிறார்கள்?

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ‘சார், பேபி கொஞ்சம் டல்லா இருக்கு’ என்றால் மறுமுனையில் தூக்கம் கலையாது. ‘சார், மூணாம் பெட், நேற்று ஓட்டை அடைத்த நாலு மாதக் குழந்தை. ரெண்டு மணி நேரமா யூரின் இல்லை, கால் முழங்கால் வரை சில்லுனு இருக்கு, துடிப்பு 150-லேர்ந்து 175. வந்து பார்க்கணும் சார்.’ யார், என்ன நடந்தது, நான் என்ன பார்த்தேன், எனக்கு என்ன வேண்டும். இதை டியூட்டி ரூமில் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகலாம், சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மருந்து அளவில் தப்பு வராமல் இருக்க?

குழந்தைகளில் தப்பு பெரும்பாலும் பத்து மடங்காக வரும், காரணம் புள்ளி. .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகும். 5.0 என்று எழுதினால் 50 ஆகும். எனவே 0.5 என்றும் 5 என்றும் மட்டுமே எழுத வேண்டும். டிகாக்ஸின், பொட்டாசியம், ஹெப்பரின், அட்ரினலின் போன்றவற்றை இருவர் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் போட்ட கணக்குக்கு இன்னொருவர் தலையாட்டுவது இரட்டைச் சரிபார்ப்பு ஆகாது. எடை இன்றைக்குப் பார்த்த எடையா என்பதையும் கேளுங்கள்.

குழந்தை கையில் கட்டிய கறுப்புக் கயிறு, தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். கட்டாயமா?

ஐசியுவில் கட்டாயம்தான். ஈரக் கயிறு கிருமிக்கு நல்ல இடம், வீங்கும் கையில் இறுக்கவும் செய்யும். ஆனால் கேட்காமல் கத்தரிக்கோல் எடுக்கும் நர்ஸை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘அம்மா, நீங்களே கழற்றிக் கொடுங்க, கவர்ல போட்டு கட்டில்லயே ஒட்டி வைக்கிறேன்’ என்று சொன்னால் மறுப்பவர் அபூர்வம். நம் கைவளையல், மோதிரம், வாட்ச்சுக்கும் இதே சட்டம். முழங்கைக்குக் கீழே நமக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது.

தொற்று விஷயத்தில் மற்றவை தெரிந்தவைதான்: தொடும் முன்னும் பின்னும் கை சுத்தம், லைனின் வாயைத் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டு ஊசி போடுவது. கூடவே தினமும் ரவுண்ட்ஸில் ஒரு கேள்வி: ‘இந்த லைன் இன்றைக்கும் தேவையா?’ அதை நர்ஸ்தான் கேட்க வேண்டும், வேறு யாருக்கும் ஞாபகம் வராது.

பால் குடிக்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. எடை ஏறவில்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

இல்லை அம்மா. அந்தக் குழந்தைக்குப் பால் குடிப்பது மாடிப்படி ஏறுவது போன்ற உழைப்பு. நாலு உறிஞ்சு, ஒரு நிறுத்தம், நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, மூக்கு விடைத்து மூச்சு. மணிக்கணக்கில் குடிக்கவைத்தால், உள்ளே போன கலோரியைவிடக் குடிக்கச் செலவான கலோரி கூடிவிடும். ஆகவே 20, அதிகம் போனால் 30 நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, மீதியை மூக்குக் குழாய் வழியாகத் தருவார்கள். குழாயைப் பார்த்ததும் பல அம்மாக்கள் உடைந்துபோகிறார்கள். அது தோல்வியில்லை, இளைப்பாறல்.

தாய்ப்பால் முடியும்வரை தாய்ப்பால்தான். நேராகக் குடிக்க முடியாவிட்டால் பீய்ச்சி, சுத்தமான பாத்திரத்தில், நேரம் எழுதி வையுங்கள். பாலாடையில் கொடுப்பதா, குழாயா என்பதைக் குழந்தையின் மூச்சு சொல்லும். இதயம் திணறும் குழந்தைக்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 120 முதல் 150 கலோரி வரை தேவைப்படலாம். அதே சமயம் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்துவார்கள், எனவே பாலில் சத்துச் சேர்த்துக் கெட்டியாக்குவது உண்டு. எவ்வளவு என்பதை மருத்துவரோ டயட்டீஷியனோ சொல்ல வேண்டும், பக்கத்துக் கட்டில் அக்கா இல்லை.

எடை தினமும் ஒரே நேரம், ஒரே தராசு, துணியில்லாமல். டயப்பரையும் எடை போட்டுச் சிறுநீர் கணக்கு எடுப்போம், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் எடை திடீரென்று ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம், உடம்பில் நீர் தேங்குவதாக இருக்கலாம்.

வலி தெரியாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

மருந்து தனி. ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல், இல்லையென்றால் தாய்ப்பால். துணியில் சுற்றி அணைத்துப் பிடிப்பது. இரவில் விளக்கைக் குறைத்து, அலாரச் சத்தத்தைக் கட்டுப்படுத்தி, தொட வேண்டிய வேலைகளைக் குழந்தை தாங்கும் அளவுக்குச் சேர்த்துச் செய்துவிட்டுத் தூங்க விடுவது. தூங்கும் மூளைதான் வளரும். இதயக் குறையுள்ள குழந்தைகளுக்குப் பின்னாளில் பேச்சு, படிப்பில் பின்னடைவு வர வாய்ப்பு இருப்பதால் இது சொகுசு ஏற்பாடு இல்லை.

அம்மாவை ஏன் ஐசியுவுக்குள் விடுவதில்லை?

விட வேண்டும் என்பது என் கட்சி. இடநெருக்கடி, தொற்று என்று சொல்லப்படும் காரணங்கள் பாதிதான் உண்மை. கை கழுவக் கற்றுக்கொடுத்த அம்மா, கழுவாமல் வரும் பெரிய டாக்டரைவிடப் பாதுகாப்பானவர். முழு நேரம் முடியாவிட்டாலும் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் ஒருவரை நிற்க விடலாம். ‘நேற்றைவிட அழுகை மெலிசா இருக்கு சிஸ்டர்’ என்று அவர்தான் சொல்வார்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள்?

அறுவை முடிந்த முதல் நாளில் ஒன்றுக்கு ஒன்று. பிறகு இரண்டு. அதற்கு மேல் போனால் மேலே சொன்ன கால்விரல், ட்ரெயின் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். இதைவிட என்னை எரிச்சலூட்டுவது, ஒன்றரை வருடம் பழக்கி எடுத்த பெண்ணை ‘ரொட்டேஷன்’ என்று எலும்பு வார்டுக்கு அனுப்புவது. சர்ஜனை யாராவது அப்படி மாற்றுவார்களா?

டிஸ்சார்ஜுக்கு முன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

கடைசி நாள் பில் கட்டும் அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. வார்டுக்கு மாறிய அன்றே ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரைக் கூட்டும் லேசிக்ஸ் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து இத்தனை மில்லி என்று எழுதியிருந்தால், அதை அம்மாவே, வீட்டுக்குக் கொண்டுபோகப் போகும் அதே சிரிஞ்சில், நம் கண்ணெதிரே மூன்று வேளையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எங்கே, செய்து காட்டுங்க’ என்பதுதான் கேள்வி. பாட்டியும் கூட இருக்கட்டும், வீட்டில் மருந்து கொடுக்கப்போவது அவராக இருக்கலாம். டிகாக்ஸின் கொடுத்தபின் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்காதீர்கள், ஃபோன் செய்யுங்கள்.

நெஞ்செலும்பு பிளந்து தைத்த குழந்தையை ஆறு முதல் எட்டு வாரம் அக்குளில் கைவைத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் தோளுக்கும் கீழே, மறு கை பிட்டத்துக்கு. ஊரிலிருந்து வரும் மாமாக்கள்தான் இந்த விஷயத்தில் ஆபத்து.

ஒற்றை அறை இதயக் குழந்தைகளுக்கு, முதல் அறுவைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட காலம் மிக அபாயம். அமெரிக்காவின் விஸ்கான்சின் குழந்தைகள் மருத்துவமனை 2000-இல் இந்தக் குடும்பங்களுக்கு ஒரு தராசும் சாச்சுரேஷன் கருவியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. சாச்சுரேஷன் 70-க்குக் கீழே போனாலோ, ஒரே நாளில் 30 கிராமுக்கு மேல் எடை இறங்கினாலோ, மூன்று நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ கூப்பிட வேண்டும். அந்த இடைக்காலத்தில் வீட்டில் நேர்ந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. தராசு வாங்க முடியாத வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, செவிலியரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லலாம்.

செலவுக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் வரும். குடும்ப அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். பள்ளி, அங்கன்வாடிகளுக்கு வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவும் மேல்சிகிச்சைக்கு அனுப்பி வைக்கும். இதைச் சேர்க்கும் நாளன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள், சீட்டு வாங்க ஒருவர் ஊருக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

தடுப்பூசி போடலாமா? பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும், சளிக் காய்ச்சலையும் நிமோனியாவையும் இந்தக் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். அறுவையின்போது ரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை ஊசியை மட்டும் சில மாதங்கள் தள்ளிப் போடச் சொல்வார்கள், எனவே ரத்தம் ஏற்றிய தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொத்தைப் பல் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் தங்கலாம். முதல் பல் முளைத்ததிலிருந்து துலக்கிவிடுங்கள், பல் பிடுங்கப் போகும்போது இதயக் குறை இருப்பதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.